முத்தையா ஜெபராஜ் கிடங்குக்குப் போன வாரம்

ஆகஸ்ட் 18, 1975

முத்தையா போய்விட்டான். காலையில் அண்டா அடுப்பு பற்றவில்லை. விசாரித்தால் என் போட்டிக்காரன் ஜெபராஜ் கிடங்கில் நிற்கிறானாம். இரண்டு வருஷம் என் சோறு. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை.

கச்சான் காற்று. கண்ணெல்லாம் மணல். கடல் அட்டை வேகவைக்க அவன் இடத்தில் கிடங்கு ஆள் மரியானை நிறுத்தினேன். பாதி வெடித்துப்போயிற்று. சிங்கப்பூர் போக வேண்டிய சரக்கு, பூனை கூட மோந்து பார்க்காது.

சாக்கு, சணல், உப்பு வாங்க. கடைவாய்ப் பல் வலி.

ஆகஸ்ட் 19

திரேஸ்புரத்தில் படகு பார்த்துவிட்டு ஜெபராஜ் கிடங்கு வழியாகத் திரும்பினேன். வேண்டுமென்றேதான். உள்ளே முத்தையா, புதுச் சட்டை, சிரித்துப் பேசிக்கொண்டு. என்னிடம் "சரிங்க முதலாளி" தவிர வாய் திறந்ததில்லை. சிரிக்கத் தெரியும் என்பதே இன்றுதான் தெரியும்.

ஜெபராஜ் நாசரேத்து வாத்தியார் மகன். படிப்பு, வெள்ளை வேட்டி. நான் கருவாட்டுக் கூடை சுமந்து மேலே வந்தவன். பாங்கி ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு சொல்கிறான்: "இவன் சிலோன் தோட்டத்துல பொறந்தவன். பஞ்சம் தாங்காம தோணியேறி வந்துட்டான், பாவம். அண்ணாச்சி பாதிக் கூலி குடுத்தாவ. நான் முழுசாக் குடுக்கேன்."

உண்மைதான். மற்றவர்களுக்கு ஆறு, அவனுக்கு மூன்று. காகிதம் இல்லாதவன் எங்கே போவான் என்று நினைத்தேன். போகிற இடம் எதிர்த் தெருவிலேயே இருந்திருக்கிறது.

என் கிடங்குப் பெண்கள்: "ஏளா, அங்கன மத்தியானச் சோறும் உண்டாம்." நான் நுழைந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஆகஸ்ட் 20

பல் வைத்தியர். அப்படியே வக்கீல் வீடு.

வக்கீல் சொன்னது: சிலோனோடு போட்ட ஒப்பந்தப்படி பாஸ்போர்ட்டோடு கப்பலில் வந்தவர்களுக்கு சர்க்கார் கடன், வேலை. முறை வரும்வரை காத்திருக்காமல் தோணியில் வந்தவனுக்கு ஒன்றுமில்லை, பிடித்தால் வழக்கு. அப்படியானால் நான் கொடுத்ததே அதிகம்தானே என்றேன்.

"கூலி வேற, காகிதம் வேற அண்ணாச்சி. வேலை வாங்கினா முழுக் கூலி குடுக்கணும். அவன் கேக்கப் பயப்படுதான், அவ்வளவுதான்."

போலீசில் யாராவது சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டேன். வக்கீல் என் முகத்தையே பார்த்தார். "ரெண்டு வருசம் வச்சிருந்தது யாருன்னுதான் மொதல்ல கேப்பான்."

பீஸ் வாங்கவில்லை. அதுவும் எரிச்சல்.

ஆகஸ்ட் 22

ஏட்டையா நெத்திலிக் கருவாட்டுக்கு வந்தார். பொட்டலம் கட்டும்போது கேட்டார்: "ஜெபராஜ்கிட்ட ஒரு சிலோன்காரன் இருக்கானாமே. உங்ககிட்ட நின்னவன்தானா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரே வார்த்தை. ஜெபராஜ் அண்டா அடுப்பும் அணைந்துவிடும்.

"யாரு, முத்தையாவா? கயத்தாறுக்காரம்லா. எங்க மதினிக்கு அந்த ஊருதான்."

ஏன் சொன்னேன்? வக்கீல் சொன்ன பயம், ஒன்று. மற்றது, ஜீப்பில் ஏற்றிவிட்டால் அவன் யாருக்கும் இல்லை. ஜெபராஜிடம் இருந்தால் திருப்பி வாங்கலாம்.

மதினிக்கு ஊர் ஆறுமுகனேரி.

ஆகஸ்ட் 23

மத்தியானம் முத்தையா வாசலில். பெண்கள் எல்லோரும் பார்க்கிறார்கள்.

"கயத்தாறுன்னு சொன்னீங்களாம் முதலாளி. அந்த முதலாளி நல்ல மனுசன்தான். ஆனா வாற ஆளுக்கெல்லாம் சிலோன்காரன்னு காட்டுறாரு. எனக்கு ராவுல தூக்கமில்ல."

ஜெபராஜின் பெருமை அவனுக்கு விலங்காகப் போகிறது. எனக்குள் குளுகுளுவென்று இருந்தது. எழுதக் கூசவில்லை.

திரும்பி வர என்ன கூலி கேட்கிறாய் என்றேன். வாயால் சொல்லவில்லை. தோள் துண்டை எடுத்து என் கைமேல் போட்டான். அட்டை விலை ஏஜெண்டுகளோடு நான் அப்படித்தான் பேசுவேன், துண்டுக்கு அடியில், விரலைப் பிடித்து. வியாபாரிக்கு வியாபாரி. கூலிக்காரன் துண்டு போட்டு இந்த ஊரில் பார்த்ததில்லை.

மூன்று விரலைப் பிடித்தேன், மூன்று ரூபாய். பழக்கதோஷம். அவன் என் கையை விடவில்லை. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். பிறகு இன்னொரு விரல்.

ஜெபராஜிடமும் இப்படித்தான் துண்டு போட்டாயா என்று கேட்டேன்.

"அவருகிட்டக் கேக்கவே இல்ல முதலாளி. அவரே குடுத்தாரு."

பல் வலி போல ஒரு குத்து.

முடிந்தது: நாளுக்கு ஆறு ரூபாய், மற்றவர்களைப் போலவே. சனிக்கிழமை கூலி கைமேல். ஞாயிறு லீவு. யார் கேட்டாலும் கயத்தாறு. என் பக்கத்துக்கு ஒன்றே ஒன்று: ஜெபராஜ் ஏழு என்றால், போவதற்கு முன்னால் என்னிடம் வந்து துண்டு போட வேண்டும்.