தகரத் தொட்டியில் ஓர் ஆறு

துறைமுக விடுதி, பர்மா
4-10-1912

அன்புள்ள அம்மாவுக்கு ஜெயராசா அநேக நமஸ்காரம்.

நலம். கம்பளி வந்தது, இந்த வெக்கையில் அதைத் தலையணையாக்கிவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

ஆற்றில் கப்பல் வரும் கால்வாயை அகலமாக வெட்டப் போகிறார்கள். வெட்டினால் நீரோட்டம் எப்படி மாறும் என்று பார்க்க, அந்த ஆற்றையே சிறிதாக்கித் தகரத் தொட்டியில் மணலால் செய்தேன். ஒரு முனையில் பலகையை ஏற்றி இறக்கினால் கடல் ஏறி இறங்கும். கால்வாயை அகலமாக்கியதும் கடலேற்றம் முன்னைவிட வேகமாய் உள்ளே வந்தது. கிழக்குக் கரை சரிந்தது. திரும்பச் செய்தாலும் அப்படியே. நிஜத்தில் அங்கே தோணிக்காரர் குடிசைகள் இருக்கின்றன.

"தொட்டி விளையாட்டு போதும். பாதகமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடு, அடுத்த உதவி இஞ்சினியர் நீதான்" என்கிறார் துரை. என்ன செய்யட்டும்? தூக்கமில்லை.

ஜெயராசா

பதுளை
21-10-1912

சிரஞ்சீவி ஜெயராசாவுக்கு ஆசீர்வாதம்.

கம்பளி தலையணைக்கல்ல. உன் எழுத்தும் கோணுகிறது.

உன் தகப்பனார் போனபின் கடையையும் உன்னையும் யாரிடமும் தலைகுனியாமல் காத்தேன். பதவி வருகிறதென்று தெருவுக்கே சொல்லிவிட்டேன். தொட்டித் தண்ணீரும் ஆறும் ஒன்றா? வழி அகலமானால் தண்ணீர் தடையின்றி வெளியே போகும். கடைக்குப் பின்னால் ஓயா ஆற்றுக்கு இறங்கும் கானை, அந்த மழைநீர் வாய்க்காலை, நானும் அகலமாக வெட்டச் சொல்லியிருக்கிறேன். மேலாளுக்குப் பணிவதுதான் கன்னியர் மடத்தில் நான் படித்த முதல் பாடம். கையெழுத்துப் போடு.

அன்னை பரிமளம்

பர்மா
8-11-1912

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்த அன்றே கையெழுத்துப் போட்டேன். உங்கள் சொல்லை என்றாவது தட்டியிருக்கிறேனா? பதவியும் வந்தது, தெருவில் சொல்லுங்கள். தொட்டியைக் கவிழ்த்து மணலைக் கொட்டிவிட்டார்கள். அடுத்த மாதம் வெட்டு தொடங்கும்.

விடுதியைக் காலி செய்துவிட்டேன். கிழக்குக் கரையில், தோணிக்காரர் நடுவே ஒரு குடிசை எடுத்திருக்கிறேன். பாதகமில்லை என்று எழுதியவன் அங்கே இருப்பதுதான் முறை. சுவருக்கு அப்பால் ஆறு, சத்தம் ஓய்வதில்லை. இனி அங்கேயே எழுதுங்கள்.

ஜெயராசா

பதுளை
10-11-1912

சிரஞ்சீவி ஜெயராசாவுக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. பண்டாரவளைத் தபால் வண்டியைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் எழுதுகிறேன்.

முந்தாநாள் ஓயா பெருகியது. நான் அகலப்படுத்திய கான் வழியே வெள்ளம் திரும்பி ஏறிக் கடைக்குள் வந்துவிட்டது. அரிசி மூட்டைகள் மிதந்தன. பக்கத்துக் கடை ஸுபைரா, "என்ன பரிமளம், ஓயாவுக்கும் அழைப்பு வெச்சீங்களா?" என்று சிரித்தாள். உன் தொட்டிதான் கண்ணில் நின்றது.

கையெழுத்துப் போடாதே. பதவி வேண்டாம், தெருவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்தக் கரையில் யார் பெற்ற பிள்ளைகளோ படுத்து உறங்குகிறார்கள்.

விடுதி விலாசத்துக்கே அனுப்புகிறேன். இடம் மாறுவதாயிருந்தால் என்னைக் கேட்காமல் நீ மாறமாட்டாய்.

அன்னை பரிமளம்