பலகை காயட்டாம்

14.10.1962
இன்றைக்கும் மழை. குசினிக் கதவிலிருந்து கிணற்றடி வரைக்கும் இவர் போடுகிற பலகைத் தளம் பாதியில் நிற்கிறது. காய்ச்சலில் என் கால்கள் விழுந்ததிலிருந்து வீட்டுக்குள் கையை ஊன்றி அரக்கி அரக்கிப் போய்விடுவேன். வெளியே சேறு. குளிக்கவும் இவர்தான் தூக்கிப் போகவேண்டும், நெல்லுமூட்டை மாதிரி. தளம் முடிந்தால் நானே போவேன்.

20.10.1962
மாங்குளத்திலிருந்து வந்த முதிரைப் பலகை முழுவதும் அடித்தாயிற்று. சீவுளி பிடித்து இழைத்துமாயிற்று. “இப்ப போகலாமோ?” என்றேன்.
“பொறும். வார்னிஷ் அடிக்கவேணும். இல்லாட்டி உக்கிப்போம், உமக்கும் கையில சிராம்பு ஏறும்.”
நியாயம்தான். பொறுத்தேன்.

29.10.1962
காயவில்லை! ஈரப் பலகையில் அடித்தால் எப்படிக் காயும்? வெள்ளை பூத்துப் பிசுபிசுக்கிறது. முழுவதையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்கப்போகிறாராம். மறுபடி!

3.11.1962
பக்கத்துக் காணி ஜெகதீஸ்வரி அக்கா வந்தா. “என்ன மாதிரிப் பாடுபடுறார் மனிசன்! நீ குடுத்துவைச்சனி” என்கிறா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவா தளத்தில் கால் வைக்கப்போக, இவர் ஓடிவந்து, “ஐயோ அக்கா, மிதிக்காதையுங்கோ!” நேற்று என்னைத் தூக்கும்போது என் முழங்கை கதவு நிலையில் இடித்தது. அதற்கு இந்தப் பதற்றம் எங்கே போனது?

11.11.1962
ஓலைப் பந்தல் போட்டு, அதன்கீழ் சட்டியில் நெருப்பும் வைத்திருக்கிறார். எனக்கில்லை, பலகைக்கு. பலகை காயட்டாம். நான்? நான் இந்தக் குசினிப் புகையில் கருவாடாகட்டாம்.
“உங்கட பலகையைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு படுங்கோ!” என்று கத்தினேன். மனிதர் உண்மையாகவே பாயை எடுத்துக்கொண்டு போனார், நெருப்பைப் பார்க்க. சனியன்.

17.11.1962
கடைசிப் பூச்சாம். இன்னும் நாலைந்து நாள் ஒருவரும் மிதிக்கக்கூடாதாம்.

18.11.1962
இவர் வயலுக்குப் போனதும் கதவைத் திறந்தேன். வார்னிஷ் ஈரம். யோசிக்கவில்லை — கையை ஊன்றினேன். ஒட்டியது. பிடுங்கி அடுத்த கையை வைத்தேன். கிணற்றடித் தொட்டி வரைக்கும் போய், நானே அள்ளித் தலையில் ஊற்றினேன். அழுதேன்தான், கோபத்தில்.
இவர் வந்து பார்த்தார். தளம் முழுக்க என் கைத்தடம், சேலை இழுபட்ட தடம். ஏசட்டும், திருப்பிக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். இவரோ மண்ணெண்ணெயும் துணியும் எடுத்துவந்து என் உள்ளங்கையைத் துடைத்துவிட்டார். அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

2.12.1962
மழை விட்டிருந்தது. பின்னேரம் கிணற்றடியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். இவர் வயலால் வந்து முன்கதவால் உள்ளே போனது கேட்டது. குசினி, அறை, மறுபடி குசினி.
“எங்கையப்பா நிக்கிறீர்?”
கால் விழுந்தபிறகு இந்த வீட்டில் என்னை ஒருவரும் தேடவேண்டி வந்ததில்லை. அடுத்த வெங்காயத்தை எடுத்தேன். கொஞ்சம் தேடட்டும்.