நான் வெட்டிய காட்சி

ஜன. 6, திங்கள்
நல்ல பனி. மணவாள நகரிலிருந்து ஆபீஸ் போவதற்குள் துப்பட்டா ஈரம். வேலை: எங்கள் தொண்டு நிறுவனம் விவசாயிகளுக்காக எடுக்கும் நெல் வீடியோக்கள் போன நாடுகளிலிருந்து வந்த வாய்ஸ் மெசேஜ்களைக் கேட்டு எழுதுவது.

தான்சானியாவிலிருந்து நீமா. அங்கே பெண்கள் குழுத் தலைவி. எந்த வீடியோ போனாலும் முதலில் தன் வயலில் செய்து பார்ப்பவர். மொழிபெயர்ப்பு ஆப் சொன்னது: "தண்ணீரில் முட்டை மிதக்கும்வரை உப்பு கரைத்தேன். மூழ்கிய விதையை எடுத்து விதைத்தேன். முளைக்கவில்லை. நான் எதில் தவறினேன்?"

ஆப்பின் குரலில் வருத்தமெல்லாம் கிடையாது. நீமாவின் சொந்தக் குரலைப் போட்டுக் கேட்டேன். மொழி புரியாவிட்டாலும் அழுதது புரிந்தது.

ஜன. 7, செவ்வாய்
பெரியபாளையம் பஸ். நின்றுகொண்டே. வீடியோவில் உப்புத் தண்ணீரில் பதரை மிதக்கவிட்டு விதை நெல் பிரித்துக் காட்டிய கன்னியம்மா அக்கா நாற்றங்காலில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அலசுனாங்களா?"

"தெரியலையேக்கா."

"இன்னாம்மா நீ! உப்புத் தண்ணில போட்ட நெல்ல ரெண்டு மூணு வாட்டி நல்ல தண்ணில அலசாம யாருனா வெதைப்பாங்களா? உப்பு ஒட்டிக்கினு இருந்தா எப்டி மொளைக்கும்? நான் அலசிக் காட்டுனேனே, நீதான வீடியோ புடிச்சிக்கினு இருந்த!"

பிடித்தேன். அலசும் காட்சியை வெட்டியதும் நான்தான். தான்சானியாவில் டேட்டா விலை அதிகம், மூன்று நிமிஷத்துக்குள் அடக்கணும். அலசுவது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைப்பு. எல்லோரும் என்றால் யார்? பெரியபாளையம் ஜனங்களா? புத்தி கெட்டவள் நான்.

மறுபடி முழுசாகப் பிடித்தாயிற்று.
நாளைக்கு: மேனேஜரிடம் சொல்ல. நீமாவுக்குப் பதில். பால் பாக்கெட், ஜண்டு பாம்.

ஜன. 8, புதன்
மேனேஜர்: "புது வீடியோவ ஏத்திட்டு கம்முனு இரு. தப்பு நம்மளுதுன்னு எழுதிக்கினு இருக்காத. பணம் குடுக்கறவங்க காதுக்குப் போனா பேஜாரு."

அப்போ நீமா? தன் கைதான் ராசியில்லை என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கணுமா? மதியம் சோற்றை மூடி வைத்தேன். ஆப் குழம்பாமலிருக்கச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசி அனுப்பினேன். தப்பு உங்களுடையது இல்லை. அலசுவதை நான் வெட்டிவிட்டேன். மன்னியுங்கள்.

வேலை போனால் போகட்டும், கும்மிடிப்பூண்டியில் கம்பெனிக்கா பஞ்சம். வீரமாக எழுதிவிட்டுச் சம்பளத் தேதியை எண்ணுகிறேன்.

ஜன. 9, வியாழன்
பனி குறைவு. மேனேஜர் லீவு, அப்பாடா.

பத்து மணிக்கு நீமா: "உங்கள் செய்தியைக் குழுவின் முன் போட்டுக் காட்டினேன். என்னைக் கேலி செய்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். பாதி விதை மிச்சம் இருக்கிறது. இந்த முறை எதையும் வெட்டாமல் அனுப்புங்கள்."

புது வீடியோ வெட்டாமல் பதினோரு நிமிஷம். கன்னியம்மா அக்கா மூக்கு சிந்துவது, என்னைத் திட்டுவது எல்லாம் சேர்த்து. அனுப்பிவிட்டேன்.