வாலாம்பாளின் கிதார்

வலியசாலை,
மார்கழி மாதம்.

என் ஒரே தங்கைக்கு அக்கா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

தை மாதம் உன் பேரன் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறாய், சந்தோஷம். என் பேத்தி வாலாம்பாள் கிதாரை எடுத்து வர வேண்டாம் என்று அடியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தக் கடிதாசு.

போன வருஷ நவராத்திரிக்கு நாகர்கோவிலில் உன் வீட்டில் அவள் வாசித்தபோது, "என்னடி இது, அவுத்துவிட்ட கன்னுக்குட்டி மாதிரி ஓடறது!" என்று கூடம் நிறையச் சிரித்தாய். அன்று நீ அரக்குப் புடவை கட்டியிருந்தாய். நான் எதையும் மறக்கிறவள் இல்லை. குழந்தை வழியெல்லாம் அழுதாள். அதன்பின் நான் உன் வாசலை மிதிக்கவில்லை.

கும்மி, கோலாட்டம் என்றால் முடிகிற இடத்தில் வேகம் கூட்டித்தானே நமக்கெல்லாம் பழக்கம்? அந்தக் கைதான் கிதாரிலும் ஓடிற்று. பள்ளிக்கூட டீச்சர் மெட்ரோனோம் என்று ஒரு பெட்டி கொடுத்தாள். சாவி கொடுத்தால் அதன் கம்பி ஒரே சீராக டக் டக்கென்று ஆடும். "கும்மிக்கு ஓடலாம் பாட்டி, இதுக்கு ஓடப்படாது" என்று குழந்தை தினமும் அதோடு மல்லுக்கட்டினாள்.

நேற்று நடுப்பாட்டில் முறுக்குத் தீர்ந்து பெட்டி நின்றுவிட்டது. அவள் கவனிக்கவே இல்லை. நான் மெதுவாகச் சாவி கொடுத்து, அவள் தட்டுக்குச் சரியாகக் கம்பியை விட்டேன். பாட்டு முடிகிறவரை இரண்டும் பிரியவில்லையடி!

ஆகையால் கிதாரோடுதான் வருவோம். நலங்கில் அவள் வாசித்து முடித்ததும், நன்றாயிருந்தது என்று உன் வாயால் அவளிடம் சொல். சொன்னாயானால் நாலு நாள் உன்னோடு தங்குவேன்.

உன் அக்கா.