பல் டாக்டரின் ஹைபிரிட்

மார்ச் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன். எடுப்பது அண்ணிதான். "எதுவா இருந்தாலும் எழுதச் சொன்னாரு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். உன் பட்டன் போனுக்கு மெசேஜ் அனுப்பினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக வருமாம். சரி, பெரிய மனிதருக்கு மனு எழுதுவதாக நினைத்து எழுதுகிறேன்.

எங்கள் பழைய கார் போன வாரம் பாலத்தின் மேல் உயிரை விட்டது. உள்ளே என் வீட்டுக்காரர், உன் மாப்பிள்ளை, டயாலிசிஸுக்குப் போகும் வழியில். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அவர் வராமல் இருந்திருந்தால் அன்றைக்கு டயாலிசிஸே இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், போக வர எண்பது கிலோமீட்டர், பாதி மலைப் பாதை. திரும்பும்போது கண்ணாடியை இறக்கக்கூட அவருக்குத் தெம்பு இருப்பதில்லை. நடுவழியில் நிற்காத வண்டி ஒன்று கிடைத்தால் போதும், வேறு ஆசை இல்லை.

புதுசு நமக்கு எட்டாது. உன் ஊரில் இரண்டு பழைய வண்டிகள் விளம்பரத்தில் பார்த்தேன். ஒன்று, யாரோ பல் டாக்டருடைய ஹைபிரிட். ஏழு வருஷம் ஓடியது. பெட்ரோல் இன்ஜினும் பேட்டரி மோட்டாரும் மாறி மாறி இழுக்குமாம். இன்னொன்று பெட்ரோல் எஸ்யூவி, ஐந்து வருஷம். ஏறி உட்கார அவருக்குச் சிரமம்தான், ஆனால் மலைக்கு நல்லது என்கிறார்கள்.

நீ போய்ப் பார். முப்பது வருஷமாக ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து வியாதி சொல்கிற ஆள் நீ. ஊரே உன்னை 'ஸ்டெதஸ்கோப்' என்கிறது. நீ சொல்வதை வாங்குகிறேன். ஆனால் பூசி மெழுகாமல் எழுது. அச்சகத்தில் பிழை பார்ப்பவள் நான். எந்த வரியையும் சந்தேகப்பட்டுப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 8

என் சி.ஐ.டி. தங்கைக்கு,

மனு கிடைத்தது. பரிசீலித்தோம்.

முதலில் ஹைபிரிட். மத்தியானம் கிளினிக் வாசலில் வைத்துப் பார்த்தேன். அந்தப் பல் டாக்டர் மாஸ்க்கோடு வந்தார், மாஸ்க்கோடே போனார். முகத்தையே காட்டாத மனுஷனிடம் வண்டி வாங்கலாமா, நீயே சொல். பானெட்டைத் தூக்கினால் தடித்தடியாக ஆரஞ்சு நிற ஒயர்கள். தெரியாமல் தொட்டால் தூக்கி அடித்துவிடும், நான் கையே வைக்கவில்லை. கால் மணி நேரம் நின்றேன், இன்ஜின் ஸ்டார்ட் ஆகவே இல்லை. பேட்டரி எத்தனை நாளைக்கு வருமோ, அதைக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவன்தான் சொல்ல வேண்டும். சத்தமே போடாத வண்டியை நான் எப்படி நம்புவது? விட்டுவிடு.

எஸ்யூவி தங்கம். ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்டேன். ஒரு தட்டல் கிடையாது, ஒரு உரசல் கிடையாது. இன்ஜின் மேல் கை வைத்தால் சீராக ஓடுவது உள்ளங்கையில் தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு வாங்கு.

மாப்பிள்ளை காபியைக் குறைத்தாரா? தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், மறக்க வேண்டாம். போன் அடிக்காதே, எழுது.

உன் அண்ணன்


மார்ச் 12

அன்புள்ள அண்ணா,

கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னாய். எனக்குக் கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை, யோசனைதான் வருகிறது.

எஸ்யூவி விளம்பரத்தில் இருந்த நம்பரை நேற்றுக் கூப்பிட்டேன். "அக்கா, நீங்களா! அத்தான் சொல்லிட்டாரா?" என்று எடுத்தது யார்? அண்ணியின் தம்பி. உன் அருமை மச்சினன்.

இரண்டு பக்கக் கடிதத்தில் பல் டாக்டரின் மாஸ்க்கைப் பற்றி எழுத இடம் இருந்தது. வண்டி மச்சினனுடையது என்று எழுத இடம் இல்லையா?

இன்னும் கேள். ஹைபிரிட் கால் மணி நேரமாக ஸ்டார்ட் ஆகவில்லை என்றாய். அப்படியானால் அந்த டாக்டர் தினமும் அதைத் தள்ளிக்கொண்டா கிளினிக்குக்கு வருகிறார்? கையே வைக்காமல் ஒரு வண்டியைக் கழித்துக்கட்டும் ஆள் இல்லை நீ. ஓட்டை டிராக்டரைக்கூட அரை நாள் பிரித்துப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாய்.

அப்புறம் இந்தப் போன். போன தீபாவளி மலர் அச்சுக்குப் போன சமயத்திலிருந்தே உன் குரலை நான் கேட்கவில்லை. பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றா?

உன் மாப்பிள்ளை, "உங்க அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல, விடு" என்கிறார். அவருக்கென்ன, பின் சீட்டில் தூங்கப் போகிறவர். ஸ்டீரிங்கைப் பிடிக்கப் போகிறவள் நான். ஒரே கேள்வி: மச்சினனின் பழசை என் தலையில் கட்டப் பார்க்கிறாயா? ஆமாம், இல்லை என்று ஒரு வரி எழுது.

உன் தங்கை


மார்ச் 16

தங்கைக்கு,

இல்லை.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். அவன் வண்டி என்று சொன்னால் பார்க்காமலே வேண்டாம் என்பாய். அதனால் சொல்லவில்லை. நான் இன்ஜினைத்தான் கேட்கிறேன், சொந்தக்காரன் யார் என்று கேட்பதில்லை. என் காதை நம்பி ஊரே வண்டி வாங்குகிறது. கூடப் பிறந்தவளுக்கு மட்டும் அத்தாட்சி வேண்டுமாம்.

போனைப் பற்றி இனிக் கேட்காதே. எழுதினால் நிதானமாகப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான்.

வேலை இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 21

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

இனி நீங்கள் என்றே எழுதுகிறேன். தூரத்து மனிதர்களுக்கு அதுதான் மரியாதை.

நேற்று அதிகாலை முதல் பஸ்ஸில் உங்கள் ஊருக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. டாக்ஸி பிடித்து நேராக உங்கள் மச்சினனின் அடுக்குமாடிக்குப் போனேன். ஏழு மணி. வண்டி ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்தது. சாவியை வாங்கி நானே ஸ்டார்ட் செய்தேன்.

எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூன்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும்? அந்தச் சத்தம். முதல் மாடி ஜன்னல் ஒன்று திறந்து மூடிற்று. வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே, "தினமும் இதுதாம்மா. இந்த பில்டிங்ல யாருக்கும் அலாரமே வேணாம்" என்றார். என்னைக் கொண்டுவந்த டாக்ஸிக்காரர் இறங்கி வந்து ஒரு நிமிஷம் நின்றார். "டைமிங் செயின் போயிடுச்சுங்க. மேட்டுல ஏறும்போது அறுந்துச்சுன்னா அங்கேயே நிக்க வேண்டியதுதான்."

மேட்டில் ஏறும்போது. உள்ளே யார் உட்கார்ந்திருப்பார் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மச்சினனோ கொஞ்சமும் அசரவில்லை. "அத்தானே கேட்டுட்டு ஓகே சொல்லிட்டாரே அக்கா!" தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்ட சத்தம் ஸ்டெதஸ்கோப்புக்கு மட்டும் கேட்கவில்லையாம். யாருக்குக் காது குத்துகிறீர்கள்?

திரும்பும் வழியில் உங்கள் பட்டறைக்கு எதிரே டாக்ஸியை நிறுத்தினேன். ஒரு வேன் மேல் குனிந்து நின்றீர்கள். "அண்ணா" என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பூக்கடைக்காரி திரும்பினாள், நாய் திரும்பியது, நீங்கள் திரும்பவில்லை. என் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

அப்பா போனபின் எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நீங்கள் ஒருவர்தான். அதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. இனி என் வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்.

இப்படிக்கு,
பிழை பார்ப்பவள்


மார்ச் 25

தங்கைக்கு,

நீ நினைத்ததுதான் சரி. மச்சினனுக்காகத்தான் அப்படி எழுதினேன். சத்தம் இருந்தது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையை அந்த வண்டியில் ஏற்றாதே.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

பழையபடி நீ என்றே எழுதுகிறேன். கோபம் போகவில்லை. ஆனால் அது வேறு கோபம்.

உன் நாலு வரியைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதேன். மூன்றாவது நாள் வீட்டுக்காரர், "அழுதது போதும், வண்டி வேணுமே" என்றார். அந்தப் பல் டாக்டரிடம் போனேன். நல்ல மனிதர். மாஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார். சர்வீஸ் சென்டரில் பேட்டரியைக் கம்ப்யூட்டர் போட்டுப் பார்க்கலாம் என்று கூடவே வந்தார். பேட்டரி நன்றாக இருக்கிறது என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அங்கே போகும் வழியில் சும்மா கேட்டேன், அன்றைக்கு என் அண்ணன் வந்தபோது வண்டி ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஸ்டார்ட் ஆகலையா? சார்ஜ் குறைஞ்சிருந்துதும்மா, அதனால இன்ஜின் முழுக்க ஓடிட்டே இருந்துது. நல்லா இரைச்சலாவே ஓடிச்சு. அவர் பானெட் பக்கத்துலயே நின்னுட்டு, 'எப்ப சார் இன்ஜின் ஓடும்'ன்னு கேட்டார். ஓடிட்டுத்தான் இருக்குன்னு சொன்னேன். தலையாட்டிட்டு மறுபடி அதையே கேட்டார். மூணு தடவை. ஏதோ தமாஷ் பண்றார்னு நெனச்சுட்டேன்."

சர்வீஸ் சென்டர் நாற்காலியில் உட்கார்ந்து, நீ எழுதிய கடிதங்களைப் பையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். போன். மாஸ்க். சாலைக்கு இந்தப் பக்கமிருந்து நான் கூப்பிட்டது. எல்லாம் கண்ணெதிரில்தான் இருந்தது. பிழை பார்ப்பதில் புலி என்று பீற்றிக்கொண்டவள், தப்பான பிழையைத் திருத்தியிருக்கிறேன்.

எப்போதிலிருந்து, அண்ணா? அண்ணிக்குத் தெரியுமா? என்னை ஏமாற்றியதாக எதற்கு எழுதிக் கொடுத்தாய்?

மன்னிப்புக் கேட்கிறேன். மனசாரக் கேட்கிறேன். ஆனால் இதையும் எழுதாமல் விட முடியாது. அன்று நீ குனிந்து நின்ற வேனின் பக்கவாட்டில் பள்ளிக்கூடப் பெயர் இருந்தது. அதற்கும் ஓகே சொன்னாயா? எனக்குத் தங்கம் என்று சொன்ன மாதிரி எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாய்? நீ பொய் சொல்ல மாட்டாய் என்று நம்புகிறவர்கள்தான் உன்னிடம் வருகிறார்கள். இதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும்.

ஹைபிரிட்டை வாங்கிவிட்டேன். இரண்டு தடவை மலை ஏறிவிட்டது. கதவு தாழ்வாக இருப்பதால் அவர் தானே ஏறி உட்காருகிறார்.

உன் தங்கை


ஏப்ரல் 14

என் செல்லத் தங்கைக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், முதலில் வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று நினைத்ததுதான்.

எட்டு மாதம் ஆகிறது. வலது காது முதலில். இடது காதில் யாரோ கதவுக்கு வெளியே நின்று பேசுவது போல இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முப்பது வருஷம் இன்ஜினோடு குடித்தனம் நடத்தினால் இதுதான் கதி. யாருக்கும் சொல்லவில்லை. இன்ஜினில் கையை வைப்பேன், கஸ்டமர் முகத்தைப் பார்ப்பேன். சத்தம் வரும்போது வண்டிக்காரன் முகம் சுளிப்பான். சுளித்த உடனே "இதோ, இங்கதான்" என்பேன். அசந்துபோவார்கள். என் பெயர் முன்னைவிட ஓங்கித்தான் இருந்தது.

மச்சினன் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே நின்றான். அதனால் சத்தம் இல்லை என்று எழுதிவிட்டேன். கேட்டுக் கேட்டுப் பழகிப்போய்ச் சிரித்தானா, வேண்டுமென்றே சிரித்தானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். டாக்டருக்கோ முகமே இல்லை, ஒயருக்குப் பயந்து கையும் வைக்கவில்லை. நான் என்ன செய்வேன்.

ஏன் அப்படி எழுதிக் கொடுத்தாய் என்று கேட்டாய். உன் கடிதத்தைப் படித்தபோது இரண்டு பெயர் என் முன்னால் இருந்தன. காது போன மெக்கானிக், இல்லாவிட்டால் தங்கையை ஏமாற்றிய அண்ணன். இரண்டாவதைச் சுமப்பது சுலபம் என்று தோன்றியது. கேவலமான புத்தி. மாப்பிள்ளை உயிர் சம்பந்தப்பட்டது என்று தெரிந்தும் என் பெயரைத்தான் காப்பாற்றப் பார்த்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

இந்த எட்டு மாதத்தில் நான் பார்த்து அனுப்பிய வண்டிகளுக்கெல்லாம் ஆள் அனுப்பினேன். இதுவரை இருபத்தாறு திரும்பி வந்துவிட்டன. பதினைந்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத எதிர்ப் பட்டறைக்காரனிடம் போய், "நீ கேட்டுச் சொல்லு, நான் பிரிச்சு வேலை பாக்கறேன்" என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தான். இரண்டு வண்டியில் வீல் பேரிங் போயிருந்தது. ஒன்று நீ பார்த்த பள்ளிக்கூட வேன். மாற்றிவிட்டேன்.

பட்டறை வாசலில் போர்டு மாட்டியிருக்கிறேன். "எனக்குக் காது கேட்காது. வண்டியில் என்ன சத்தம் என்று எழுதிக் கொடுக்கவும்." நாலு பேர் எழுதிக் கொடுத்தார்கள், ஆறு பேர் எதிர்ப் பட்டறைக்குப் போய்விட்டார்கள். ஒருத்தர், "என் மாமியார் மாதிரி முனகுகிறது" என்று எழுதியிருந்தார். பவர் ஸ்டீரிங் ஆயில் குறைவு.

உன் அண்ணியிடமும் சொன்னேன். "அதானா! எட்டு மாசமா நான் திட்டத் திட்டச் சிரிச்சுட்டே இருந்தீங்களே, திருந்திட்டீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதாள். கேட்கவில்லை, தோள் குலுங்குவது தெரிந்தது.

மாப்பிள்ளை போகிற ஆஸ்பத்திரியில் காதுக்கும் டாக்டர் இருக்கிறாராம். வருகிற செவ்வாய் உங்களோடு வருகிறேன். வாசலுக்கு வர வேண்டாம் என்றாய். பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறேன், ஏற்றிக்கொள். வழியில் என்னோடு பேசாதே. உன் முகத்தைப் பார்த்தால்தான் நீ சொல்வது எனக்குப் புரியும், நீ ரோட்டைப் பார்த்து ஓட்டு.

உன் அண்ணன்