சித்ரதுர்காவுக்கும் வாலாஜாவுக்கும் நடுவில்

என் கன்னியம்மாவுக்கு,

இதை எழுதுவது நான்தான். யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. கைநாட்டு கோதண்டம் என்று உன் அண்ணன் கேலி பேசுவானே, அதே கோதண்டம் பென்சில் பிடித்து எழுதுகிறேன். இந்த நாலு வரிக்கே ஒரு சாயங்காலம் போய்விட்டது. போகட்டும், எனக்கு வேறென்ன வேலை?

பிள்ளைப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. நீ போய், நானும் லாரியை விட்டு இறங்கிய பிறகு அதில் சேர்ந்தேன். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். மனை விற்கிற பலகை, தண்ணி லாரி, கம்பெனி பஸ், ஒன்றையும் விடுவதில்லை. போன வாரம் படப்பைக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் உரக்கப் படித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் இருந்த பெண், "இன்னா தாத்தா, நாளைக்குப் பரீட்சையா?" என்று கேட்டது. "ஆமாம்மா" என்றேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நீ இல்லை.

சுங்குவார்சத்திரத்தில் ரோட்டுக்கு மேலே இருக்கும் பச்சைப் பலகையையும் படித்துவிட்டேன். பெங்களூர் என்று போட்டிருக்கிறது. எத்தனை வருஷம் அதன் கீழே போய் வந்திருக்கிறேன். ஆனால் ஓசூரைத் தாண்டினால் நான் மறுபடியும் கைநாட்டுதான். அந்தப் பக்கத்து எழுத்து வேறு.

டீச்சர் வகுப்பு மலர் ஒன்று போடப் போகிறாராம். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சத எழுதுங்க ஐயா" என்றார். எனக்குத் தெரிந்தது ஒரகடத்தில் கார் ஏற்றி டெல்லியில் இறக்குகிற ரோடு ஒன்றுதான். அதையே உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டுக்குத் திரும்புகிற வழிதான் எனக்குப் பிடிக்கும், அதனால் டெல்லியில் ஆரம்பித்தேன். ஜெய்ப்பூர், அஜ்மீர். ரோட்டோரம் வெள்ளைக் கல்லைப் பாளம் பாளமாக நிறுத்தி வைத்திருக்கும் ஊர்கள். உதய்ப்பூர் மலை. அகமதாபாத், பரோடா, சூரத். பம்பாயை ஒட்டிக்கொண்டு பூனா, அப்புறம் சத்தாரா கணவாய். கரும்பு டிராக்டர்கள் வழியே விடாத கோலாப்பூர். பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே. பிறகு மலை உச்சியில் பெரிய பெரிய காற்றாடிகள் சுற்றுகிற சித்ரதுர்கா.

அங்கே பென்சில் நின்றுவிட்டது. மூன்று நாள் நோட்டைத் திறக்கவில்லை.

நீ போன் செய்தால் ஒன்றே ஒன்றுதான் கேட்பாய். "எங்க கீற மாமா?" நான் ஓசூர் தாண்டும்வரை நீ சரியாகத் தூங்குவதில்லை என்று நம் தேவி சொல்லியிருக்கிறாள். அதனால் பூனாவில் இருந்தால் ஹூப்ளி என்பேன். தும்கூரில் இருந்தால் ஆம்பூர் என்பேன். கூட வண்டி ஓட்டிய ஏழுமலை சிரிப்பான். "ண்ணா, வண்டி பின்னால வருது, உன் வாயி முன்னால போய்கினு கீது." நானும் சிரிப்பேன். வந்து சேரத் தாமதமானால் டிராபிக் என்று சொல்வேன். நீ நம்பினாய்.

அன்றைக்கு மதியமும் போன் செய்தாய். "நெஞ்சு ஒரு மாதிரி கீது மாமா. எங்க கீற?" என் கண்ணெதிரே அந்தக் காற்றாடிகள். "வாலாஜா தாண்டிட்டேன்" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது. "அப்ப வந்துடு. சேந்தே ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றாய்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். இல்லை கன்னியம்மா, நான் இன்னும் கர்நாடகத்தில்தான் இருக்கிறேன், தேவியைக் கூட்டிக்கொண்டு இப்போதே கிளம்பு என்று. இத்தனை வருஷத்துப் பொய்யும் வெளியே வந்துவிடும் என்று பயந்தேனா? வெறும் வாயுதான், சரியாகிவிடும் என்று நினைத்தேனா? எனக்கே தெரியவில்லை. "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ போன் செய்யவில்லை. நானும் செய்யவில்லை.

தேவி லீவு போடுகிறேன் என்றாளாம். "அப்பா வாலாஜா தாண்டிட்டாரு, ரெண்டு மணி நேரத்துல வந்துடுவாரு. நீ ஷிஃப்டுக்குப் போடி" என்று நீ அனுப்பிவிட்டாயாம். சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்கள் நீ மூச்சில்லாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டு எனக்குப் போனில் சொன்னபோது நான் தும்கூரில் இருந்தேன். மறுநாள் காலையில்தான் வந்தேன். வண்டி வழியில் நின்றுபோச்சு என்றேன். சாவு வீட்டில் யார் குடைந்து கேட்பார்கள்?

தேவி அதே கம்பெனியில், அதே லைனில்தான் இருக்கிறாள். செகண்ட் ஷிஃப்ட் வருகிற வாரமெல்லாம் பஸ் ஏறப் போகும்போது இரண்டு மூன்று தரம் வீட்டைத் திரும்பிப் பார்க்கிறாள். "அன்னிக்கு லீவு போட்டிருந்தா அம்மா இருந்திருக்கும்பா. நான்தான் வுட்டுட்டுப் போயிட்டேன்" என்கிறாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுக்கிறேன். இப்படியும் ஒரு அப்பன் இருப்பானா?

வாயால் சொன்னால் சித்ரதுர்காவிலிருந்து வாலாஜாவுக்கு ஒரே தாவு. எழுத உட்கார்ந்தால் நடுவில் இருக்கிற ஊரையெல்லாம் எழுதியாக வேண்டியிருக்கிறது. ஹிரியூர், சிரா, தும்கூர், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். அப்புறம்தான் வாலாஜா. இன்றைக்கு எழுதி முடித்தேன். அன்றைக்கு நீ வலியோடு காத்திருந்தபோது நமக்கு நடுவில் இவ்வளவும் கிடந்தது.

நோட்டை இன்னும் டீச்சரிடம் கொடுக்கவில்லை. மலரில் வந்து ஊரே படிப்பதற்கு முன்னால் தேவி கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. நோட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் டீக்கடைக்கு நழுவ மாட்டேன். எதிரில் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, நானே படிப்பேன். கேட்டுவிட்டு அவள் என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். அவள் லீவு போடாததால் நீ சாகவில்லை. அது அவளுக்குத் தெரிய வேண்டும். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

உன் அத்தை மகன்,
தேவியின் அப்பா,
கோதண்டம்