வலது கைக் கடிகாரம்

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இந்தக் காலத்தில் காகிதமா என்று சிரிக்காதே. நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "அக்கா, ஒரு நிமிஷ வேலை. ஸாரின்னு ஒரு வீடியோ போட்டுடு. இங்க என்னால தலை காட்ட முடியல" என்கிறாய். பதிலையும் குரலாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் குரலை யார் வேண்டுமானாலும் வெட்டி ஒட்டிவிடலாம். கடிதத்தை வெட்டினால் வெட்டிய இடம் தெரியும்.

முதலில் அம்மா. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து விடும்போது மட்டும் அடம் பிடிக்கிறாள். நான் ஏதோ வீடியோவில் வந்திருப்பதாக யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். "தலைய வாரிட்டுப் போனியாடி?" என்று மட்டும் கேட்டாள்.

இனி என் விஷயம். வகுப்பைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. மருத்துவ மாணவர்களுக்கு நான் எடுக்கும் நுண்ணுயிரியல் பாடத்தில், முதல் பாதி நேரம் நான் தவறான பக்கத்தில் நின்று வாதாடுவேன். அரை மனதோடு அல்ல, நிஜமாகவே நம்புகிறவள்போல. பிள்ளைகள்தான் என்னை மடக்க வேண்டும். பொய்ப் பக்கம் நிற்கும்போது கைக்கடிகாரத்தை இடது கையிலிருந்து கழற்றி வலது கையில் கட்டிக்கொள்வேன். தோற்றதும் அது இடது கைக்குத் திரும்பிவிடும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். பாடத்தை ஒப்பித்துப் பழகியவர்கள், நாளைக்கு ஒரு நோயாளியின் மாமனார் எதிர்க்கேள்வி கேட்டால் வாயடைத்துப் போவார்கள். என்னோடு சண்டை போட்டவர்கள் போக மாட்டார்கள்.

அந்த வீடியோ பிடித்த அன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொய், தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிப்பது வீண் வேலை என்பது. வகுப்புக்கு வராத தோழிக்காக ஒரு மாணவி படம் பிடித்து வகுப்புக் குழுவில் போட்டாள். அதில் தப்பில்லை, நானே அனுமதிப்பதுதான். அங்கிருந்து யாரோ எடுத்து, நான் தோற்ற பாதியை எறிந்துவிட்டு, பலகை தெரியாமல் என் முகமும் கையும் மட்டும் வரும்படி நறுக்கி, 'பேராசிரியையே சொல்லிவிட்டார்' என்று எழுதி உலவ விட்டார்கள். பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் பாராட்டினார்கள். எனக்கு வலித்தது அந்தப் பாராட்டுதான். மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்த்தால் "டீச்சர், பச்சைத் தண்ணி கொண்டாரட்டுமா?" என்கிறார். "நீங்க குடிங்க, மருந்துக்கு அலைய வேண்டாம், கடையிலயே இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். எழுதி வைத்திருந்த நாலு வரியை நீட்டி, "கேமரா முன்னால படிச்சுட்டுப் போயிடுங்க மேடம். நாலு நாள்ல ஜனம் வேற ஒண்ணப் பிடிச்சுக்கும்" என்றார். இனிமேல் வகுப்பில் இந்த வாதாட்டமும் கூடாதாம். இரண்டுக்கும் சம்மதிக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்குப் போக வேண்டாம் என்றார். "தண்ணியக் கொதிக்க வைக்கணும்னு சொல்லச் சொல்லுங்க, நூறு தடவை சொல்றேன் சார். அது என் கருத்துன்னு ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கச் சொன்னா, மாட்டேன்" என்றேன்.

அந்த வாரம்தான் என் பழைய மாணவி ஒருத்தி எழுதினாள். இப்போது மருத்துவர். "யார் சொன்னப்பவும் நம்பல மேடம். ஆனா வீடியோவுல வாட்ச் இடது கையிலதானே இருக்கு. அப்ப நெஜமாவே சொன்னீங்களா?" அதுவரை அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன். கடிகாரம் இடது கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் என் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகுதான் ஆய்வகக் கோட்டைக் கவனித்தேன். பேனா செருகிய பை வலது பக்கம் இருந்தது. படத்தையே கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியிருந்தார்கள். கல்லூரிக் கணினிப் பிரிவில் இருப்பவரிடம் கேட்டேன். ஒருவர் போட்ட படத்தை இன்னொருவர் போட்டால் அந்த வீடியோத் தளம் கண்டுபிடித்துத் தடுக்குமாம், திருப்பிப் போட்டால் ஏமாந்துவிடுமாம். "திருட்டு மாட்டுக்குச் சாயம் பூசற மாதிரி மேடம்" என்று சிரித்தார். வேறு வஞ்சகம் இல்லை. என்னைத் திருப்பியவனுக்குக் கடிகார விஷயமே தெரிந்திருக்காது.

முழு வகுப்பின் படத்தையும் இணையத்தில் ஏற்றிவிடச் சொன்னார் உன் அத்தான். ஏற்றினோம். பார்த்தவர்களில் முக்கால்வாசி என் மாணவர்கள்தான். உண்மைக்கு ஐம்பது நிமிடம் பிடிக்கிறது, அவ்வளவு பொறுமை யாருக்கு? இதில் ஜெயிப்பேன் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை கிடையாது, சின்னு. தோற்றாலும் அந்த நாலு வரியைப் படிக்க மாட்டேன்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். "எல்லாரும் போனை எடுங்க. படம் பிடிக்கறவங்க பிடிங்க, ஆனா மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது" என்றேன். கடிகாரத்தைக் கழற்றி வலது கையில் கட்டினேன். எந்தக் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் போடலாம், கொஞ்சம் குறைந்ததும் நிறுத்திவிடலாம் என்று ஆரம்பித்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. எனக்காகப் பயந்தார்கள். முதல்வர் வாசலில் வந்து நின்றார். அப்போது, அன்று படம் பிடித்த அந்தப் பெண், இத்தனை நாளாக என் முகத்தையே பார்க்காதவள், எழுந்து, "மேடம், நீங்க சொல்றது சுத்தப் பேத்தல்" என்றாள். குரல் நடுங்கியது, வாதம் நடுங்கவில்லை. என்னைச் சுவரோடு ஒட்ட வைத்துவிட்டாள். கடிகாரம் இடது கைக்கு வந்தபோது வகுப்பே மேஜையைத் தட்டியது.

முதல்வர் வாசலிலிருந்தே திரும்பிப் போனார். மாலையில் விசாரணைக்கு வரச் சொல்லித் தாள் வந்தது. வேலை போனாலும் போகலாம். கடிகாரத்தை இடது கையில் கட்டிக்கொண்டு போய் உட்காருவேன்.

ஒன்று சொல்லாமல் முடிக்க முடியவில்லை. குடும்பக் குழுவில் "அக்கா சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்று நீ எழுதியதைப் படித்தேன். அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்ததாகவும் எழுதியிருந்தாய். சின்ன வயதில் நீ வேகமாகத் தள்ளியதில் ஊஞ்சலிலிருந்து நான் விழுந்தது நினைவிருக்கும். தையல் எனக்கு, அழுகை முழுக்க உனக்கு. அந்தத் தழும்பு இன்னும் என் இடது புருவத்துக்கு மேல்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் வலது புருவத்துக்கு மேல் இருக்கிறது. கடிகாரக் கதை உனக்குத் தெரியாது, சரி. ஊராருக்குத் தழும்பு தெரியாது, அதுவும் சரி.

இன்னொரு தடவை அந்தப் படத்தைப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, என் முகத்தை மட்டும் பார். குழுவில் எழுதியதை என்ன செய்வது என்று அப்புறம் நீயே முடிவு செய். நான் கேட்க மாட்டேன்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தே கொடு.

உன்
அக்கா